பழைய ஃபைபர் படகு வாங்குவதற்கு முன்: நம்பகமான தரகரைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் வாங்கிய படகு 28 அடி. வண்ணம் அப்போதுதான் அடித்திருந்தார்கள். கையை வைத்தால் விரலில் ஒட்டியது. மூன்று மாதம் நன்றாக ஓடியது. நான்காம் மாதம் ஒரு விடியற்காலையில் நாகப்பட்டினத்துக் கடுவையாற்று முகத்துவாரத்தைத் தாண்டும்போது பின்பக்கம் மரம் முறிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், எஞ்சின் மாட்டியிருந்த பின்பலகை பிளந்து எஞ்சின் தண்ணீரை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. மாமா பாய்ந்து போய்க் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டியதால் எஞ்சின் தப்பியது. கரைக்கு வந்து பலகையைப் பிரித்தோம். உள்ளே இருந்த பிளைவுட், டீயில் நனைத்த ரஸ்க் போலக் கையோடு வந்தது. அது மூன்று மாதத்தில் வந்த அழுகல் அல்ல. விற்றவருக்கு அது தெரியும். அதன்மேல் வண்ணம் அடிக்கச் சொன்னவரே அவர்தான்.

அதன் பிறகு எனக்காக இரண்டு படகுகளும், உறவினர்களுக்காகவும் தெரிந்தவர்களுக்காகவும் இன்னும் சிலவும் பார்த்து வாங்கியிருக்கிறேன். பழையாற்றிலிருந்து அதிராம்பட்டினம் வரை பல கரைகளில் இதற்காகவே அலைந்திருக்கிறேன். படகில் போடும் பணம் நம் வீடுகளில் பெரும்பாலும் நகையை அடகு வைத்த பணம். அது அழுகிய பலகைக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படகைச் சோதிக்கப் பத்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கீழே சொல்கிறேன். ஆனால் ஃபைபர் படகின் முக்கியமான குறைகள் எல்லாம் வண்ணத்துக்கும் பலகைக்கும் அடியில் இருப்பவை. எவ்வளவு பார்த்தாலும் கொஞ்சம் கண்ணுக்குத் தப்பும். அந்தக் கொஞ்சத்தைத் தானாகச் சொல்லும் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. ஆகவே படகைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள்.

முதல் படி: உங்கள் கரை எது என்று முடிவு செய்யுங்கள்

வரைபடத்தில் டெல்டாக் கடற்கரை ஒரே கோடாகத் தெரியும். படகுக்கு அது மூன்று வேறு கரைகள். நாகப்பட்டினத்தில் கடுவையாறு, காரைக்காலில் அரசலாறு, பழையாற்றில் கொள்ளிடத்துக் கழிமுகம் என்று படகை ஆற்றுக்குள் நிறுத்தும் இடங்கள் ஒரு வகை. அலை அடிக்கும் திறந்த மணல்கரையிலிருந்து தள்ளி இறக்கி, திரும்ப மணலில் ஏற்றும் ஊர்கள் இரண்டாம் வகை. கோடியக்கரையைத் தாண்டி மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் நீர் ஆழமில்லாத சேற்றுக்கரை மூன்றாவது.

மணலில் தினமும் இழுபடும் படகுக்கு அடிப்பகுதி கனமாக இருக்க வேண்டும். ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு, தேய்ந்திருக்கக் கூடாது. சேற்றுக்கரைக்கு ஆழமாக அமிழும் படகு ஆகாது. ஆற்றுக்குள் நிற்கும் படகுக்கு வேறொரு கவலை: கோடையில் ஆற்றில் தண்ணீர் வராதபோது முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டிவிடும், மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து, மழையும் சேர்ந்த பிறகுதான் வாய் அகலும். அந்த மேட்டில் தட்டித் தட்டிப் போன படகின் அடி என்ன கதியில் இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல தரகர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்தக் கரையில் இறக்கப் போகிறீர்கள், என்ன வலை போடுகிறீர்கள்?” என்பதுதான். “எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள்?” என்று தொடங்குபவரிடம் நான் இப்போதெல்லாம் இரண்டாம் முறை போவதில்லை.

இரண்டாம் படி: விற்பவர் யார்?

நம் பக்கம் படகு நான்கு கைகள் வழியாக வருகிறது. சொந்தக்காரரே விற்பது, தரகர் வழியாக வருவது, பட்டறைக்காரர் பழைய படகை வாங்கிச் சரிசெய்து விற்பது, புதிய எஞ்சின் விற்பவர் பழைய எஞ்சினை எடுத்துக்கொண்டு படகையும் சேர்த்துக் கைமாற்றுவது. சொந்தக்காரரிடம் நேராக வாங்குவது நல்லது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சொந்தக்காரர் வாழ்க்கையில் ஒருமுறை விற்கிறார். குறையை மறைத்தால் அவருக்கு நாளை நட்டம் இல்லை. அதே கரையில் அடுத்த ஆண்டும் தொழில் செய்தாக வேண்டிய தரகருக்குப் பெயர் கெட்டால் பிழைப்பு போகும். பெயருக்குப் பயப்படும் தரகர், பயப்படாத சொந்தக்காரரைவிட மேல்.

அந்தத் தரகரை அடையாளம் காண நான் செய்வது இது. அவரிடம், “இரண்டு ஆண்டுக்கு முன்பு நீங்கள் விற்ற மூன்று படகுகள் இப்போது எந்தக் கரையில் நிற்கின்றன?” என்று கேட்பேன். சென்ற மாதம் விற்றது வேண்டாம்; அது இன்னும் குறை காட்டியிருக்காது. நேர்மையானவர் ஊரைச் சொல்வார், வாங்கியவர் பெயரைச் சொல்வார், சில சமயம் அங்கேயே அழைத்தும் பேசுவார். நழுவுகிறவர், “நூறு படகு விற்றிருக்கிறேன் தம்பி, எதை என்று சொல்வது?” என்பார்.

பெயர் கிடைத்ததும் அந்தக் கரைக்கு நீங்களே போங்கள். தரகரோடு போக வேண்டாம். விடியற்காலை ஏலம் நடக்கும் நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். காலை பத்து மணிக்கு மேல் வலை சீர்ப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் போங்கள். படகை வாங்கியவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். சொல்லாத குறை ஏதாவது பின்னால் தெரிந்ததா? தெரிந்தபோது தரகரிடம் போனீர்களா? போனபோது அவர் எப்படிப் பேசினார்? பெயர் மாற்ற எத்தனை நாள் ஆனது? இதில் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம். குறையே இல்லாத பழைய படகு கிடையாது. குறை வந்தபோது வந்து நின்றவரா என்பதே விஷயம்.

அடுத்து எஞ்சின் மெக்கானிக். ஒவ்வொரு துறைமுகத்திலும் நாலைந்து பேர் இருப்பார்கள். எந்தத் தரகர் எந்தக் கோளாறை மூடி மறைக்கச் சொல்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். நேரடியாகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். “அவரிடம் ஒரு படகு பார்த்திருக்கிறேன் அண்ணே, நீங்கள் வந்து எஞ்சினைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கூலி தந்துவிடுகிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். உடனே கிளம்பினால் ஒரு பொருள். “அங்கேயா?” என்று இழுத்தால் அதற்கும் பொருள் உண்டு.

தரகுப் பணம் யாரிடமிருந்து, எவ்வளவு என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் வாங்குவது வழக்கம்தான், அதில் தவறில்லை. அதை மறைப்பதுதான் தவறு.

இப்போது நான் நம்பும் தரகர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் என் மைத்துனருக்காக முதல் படகு பார்க்கப் போனபோது, நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே அணியத்துக்கு (படகின் முன்முனை) பக்கத்தில் ஓர் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். “இங்கே கருங்கல்லில் இடித்து ஒட்டுப் போட்டிருக்கிறது. உள்பக்கமும் பாருங்கள்” என்றார். வட்டம் போட்ட பிறகுதான் விலையைச் சொன்னார். அந்தப் படகு இன்றும் ஓடுகிறது.

மூன்றாம் படி: காகிதம்

பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். படகைப் பார்த்து மனம் போன பிறகு காகிதத்தில் குறை இருந்தாலும் சமாதானம் சொல்லிக்கொள்வோம். அதனால் முதலில் காகிதம்.

தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தல் சட்டம், 1983-இன் கீழ் படகுக்குப் பதிவும் உரிமமும் வேண்டும். படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். நாகப்பட்டினப் பதிவுகளில் டிஎன் என்ற எழுத்துகளுக்குப் பிறகு 06 வரும். எம்ஓ என்றால் மோட்டார் பொருத்திய படகு. எம்எம் என்றால் உள்ளேயே எஞ்சின் பொருத்திய பெரிய விசைப்படகு. பிஒய் என்று இருந்தால் புதுச்சேரிப் பதிவு, அதாவது நம் பக்கத்தில் காரைக்கால் படகு. காரைக்கால் படகை நாகைக்காரர் வாங்குவது கூப்பிடு தூரத்துக் காரியம் போலத் தோன்றும்; ஆனால் அது வேறு ஆட்சிப் பகுதியின் பதிவு. இரண்டு பக்கத்து மீன்வளத் துறை அலுவலகங்களிலும் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானதால் தரங்கம்பாடி, பூம்புகார், பழையாறு பக்கத்துப் படகுகளுக்கு எந்த அலுவலகம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவுச் சான்றில் உள்ள நீளம், அகலத்தை நாடாவால் அளந்து சரிபாருங்கள். ஒரு படகின் எண்ணை இன்னொரு படகில் எழுதுவது நடக்கிற காரியம். எஞ்சினின் வரிசை எண்ணையும் வாங்கிய ரசீதையும் ஒப்பிடுங்கள். எண் பொறித்த தகடு இல்லை என்றாலோ, அந்த இடம் தேய்க்கப்பட்டிருந்தாலோ அத்தோடு திரும்பிவிடுங்கள். எஞ்சின் அரசு மானியத்தில் வாங்கியதென்றால் விற்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆழிப்பேரலைக் காலத்துப் படகுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் ஏராளமான ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த பலர் அப்போதுதான் ஃபைபருக்கு மாறினார்கள். தேவை திடீரென்று பெருகியதால் அனுபவமில்லாத பட்டறைகளும் முளைத்தன. மெல்லிய படகுகள் நிறையக் கரைக்கு வந்தன. தரத்தைவிடப் பெரிய சிக்கல் உரிமை. நான்கைந்து குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரு படகு என்று கொடுக்கப்பட்டவை உண்டு. ஒருவர் விற்றுவிடுவார்; மற்றவர்கள் பிறகு வந்து நிற்பார்கள். அத்தகைய படகென்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

எந்தக் காகிதத்திலும் இல்லாத கடனும் ஒன்று உண்டு. படகுக்காரர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அதற்கு ஈடாக மீனை அவரிடமே போட வேண்டும். அந்தக் கணக்கு தீராமல் படகு கைமாறினால், முதல் நாள் நீங்கள் மீனோடு கரையேறும்போதே வியாபாரியின் ஆள் வந்து நிற்பார். விற்பவரின் ஊரில் ஏலம் விடுபவரிடமும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் விசாரியுங்கள். படகின் பேரில் நிலுவை இல்லை என்று பஞ்சாயத்தார் முன்னிலையில் சொல்லச் சொல்லுங்கள். சுருக்குமடி வலை போன்ற தடை செய்யப்பட்ட வலைகள் தொடர்பாக அந்தப் படகின் மேல் வழக்கு இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: படகைத் தட்டிப் பாருங்கள்

வெயில் இருக்கும் நேரத்தில், படகு கரையில் உலர்ந்து நிற்கும்போது போங்கள். புது வண்ணம் அடித்திருந்தால், “பத்து இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். சம்மதிக்காத படகு வேண்டாம்.

ஒரு கனமான எவர்சில்வர் கரண்டியின் காம்பு போதும். அணியத்தில் தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று சுருக்கமாக, கெட்டியாக ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாகி, காலித் தகரத்தின்மேல் துணி போர்த்தித் தட்டியது போல இருக்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு உள்பக்கத்திலிருந்தும் தட்டுங்கள். காது பழக ஐந்து நிமிடம் பிடிக்கும். பழகிவிட்டால் கண்ணைவிட நம்பகமானது. அடிப்பகுதியில் கொப்புளங்கள் தெரிந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். புளித்த வாடையோடு நீர் கசிந்தால் தண்ணீர் ஜெல்கோட் என்னும் மேல்பூச்சைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

பின்பலகைக்கு அதிக நேரம் கொடுங்கள். நான் ஏமாந்த இடம் அது. எஞ்சினை முழுக்கச் சாய்த்து, அதன் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலகை கொஞ்சம்கூட அசையக் கூடாது. போல்ட் துளைகளின் ஓரம், தண்ணீர் வெளியேறும் துளையின் ஓரம் எல்லாம் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கசிந்த கறை இருந்தால் உள்ளே பிளைவுட் நனைந்திருக்கிறது. ஒரு போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுத் திருப்பி எடுங்கள். காய்ந்த மரத்தூள் வந்தால் நல்லது. ஈரக் கூழ் வந்தால் விலை பேசவே வேண்டாம்.

மிதப்புக்காக முன்னும் பின்னும் அடைத்திருக்கும் அறைகளைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே தெர்மோகோல் நனைந்து கிடந்தால் கவிழும்போது அந்தப் படகு உங்களைத் தாங்காது.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்தக் கரையில் ஏராளமான படகுகள் நொறுங்கின. உடைந்தவற்றை ஒட்டி மறுபடி ஓட்டுகிறார்கள். ஒட்டியதாலேயே படகு கெட்டதாகிவிடாது; உள்ளும் புறமும் அகலமாக மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு ஒட்டியிருந்தால் தாங்கும். வெளியே மட்டும் பூசியிருந்தால் தாங்காது. அந்தக் காலத்துப் படகென்றால் நேரடியாகக் கேளுங்கள்: “கஜாவில் இது எங்கே கிடந்தது?”

எஞ்சின் விஷயத்தில் முதல் வேலை, நீங்கள் போனதும் அதன்மேல் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பது தெரியாமல் போகும். ஆறும்வரை காத்திருங்கள். வெளிமாட்டு (அவுட்போர்டு) எஞ்சினில் குளிர்விக்கும் தண்ணீர் பக்கத்துத் துளையிலிருந்து தடையில்லாமல் பீய்ச்ச வேண்டும். கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே கடல்நீர் இறங்கியிருக்கிறது. மூடியைக் கழற்றி மூலைகளில் மணலோ உலர்ந்த சேறோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை மூழ்கிய எஞ்சின் அதை மறைக்க முடியாது. நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் நீள்வால் டீசல் எஞ்சின் என்றால் தண்டு வளைவும் புஷ் தேய்மானமும் பார்த்தால் போதும், மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

புதிய படகென்றால்

பட்டறையில் கட்டச் சொல்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை, ஆனால் உறுதியானது. தண்ணீர் வெளியேறும் துளை போடும்போது வெட்டி எடுக்கும் வட்டத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். தடிமன் அதிலேயே தெரியும். திறந்த வெளியில், புகை உங்கள் பக்கம் வராதபடி நின்று, அந்தத் துண்டை எரியுங்கள். இழைகளை ஒட்டும் பசையான ரெசின் கரும்புகையோடு எரிந்துபோகும். கண்ணாடி இழை எரியாது. ஆறிய பிறகு இழை அடுக்குகளை வெற்றிலை போல ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணலாம். ஒப்பந்தத்தில் சொன்ன அடுக்குகள் இருக்கின்றனவா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நிறைய வெள்ளைத் தூள் மிஞ்சினால் ரெசினில் மாவு கலந்து பெருக்கியிருக்கிறார்கள். துண்டைத் தயங்காமல் தரும் பட்டறையில் முன்பணம் கொடுக்கலாம். ஐசோ ரெசின் சாதாரண ரெசினைவிட நீரைத் தாங்கும். எது போடுகிறார்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அடைமழைக் காலத்தில் மேட் போடச் சொல்லாதீர்கள். ஈரக்காற்றில் ரெசின் சரியாக இறுகாது.

பாய் வைத்த வல்லம், வாடகைப் படகு

பாய்மரம் நம் கரையில் அரிதாகிவிட்டது. பாக் விரிகுடாக் கரையில் தெற்கே தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி இன்னும் நடக்கிறது. ஆசையோடு தேடுபவர்கள் அங்கே விசாரிப்பது நல்லது. மர வல்லத்தில் நீருக்கு அடியில் இருக்கும் பலகைகளைக் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். கடல்புழு துளைத்த மரம் வெளியே நன்றாகவும் உள்ளே தேன்கூடு போலவும் இருக்கும். பாயை விரித்து வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் நைந்த இடமெல்லாம் வெளிச்சமாகத் தெரியும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகு வாடகைக்கு எடுப்பவர்கள் வனத்துறை அனுமதி யார் பெயரில் வாங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். காற்று மாறினால் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தருவாரா என்றும் கேளுங்கள்; நல்ல படகுக்காரர் நீங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்வார்.

ஐந்தாம் படி: கடலில் ஓட்டம், பிறகு பணம்

காலை நேரத்தில், வழக்கமாக ஏறும் ஆட்களோடும் வலையின் எடைக்கு மணல் மூட்டையோடும் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். காலியாக ஓட்டினால் எந்தப் படகும் பறக்கும். முழு வேகத்தில் பின்பலகையில் கை வைத்து நடுக்கத்தைப் பாருங்கள். வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் விற்பவர் அவசரப்படுத்தினாலும் போக வேண்டாம்.

எந்த மாதத்தில் வாங்குவது என்று கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்பதால் சிறு படகு மீனுக்கு நல்ல விலை; அப்போது நல்ல படகை யாரும் விற்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கையிருப்பு இல்லாமல் விற்பவர்கள் உண்டு. விலை குறையும், ஆனால் மழையில் படகு உலராது, கடலோட்டமும் பார்க்க முடியாது. பொங்கல் கழிந்து கடல் அமைதியானதும் வாங்குவதே என் வழக்கம்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். சிறு முன்பணம், ரசீதோடு. படகை எடுக்கும் நாளில் பெரும்பகுதி, வங்கி வழியாக. மூன்றாம் பகுதி பெயர் மாற்றம் முடிந்து பதிவுச் சான்றில் உங்கள் பெயரைப் பார்த்த பிறகு. ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு ஊர்களிலிருந்தும் சாட்சி வையுங்கள். ‘சொல்லாத கசிவோ பலகைக் குறையோ 30 நாளுக்குள் தெரிந்தால் விற்றவர் செலவில் சரிசெய்வது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் நல்ல தரகர்கள் யாரும் அந்த வரிக்கு மறுத்ததில்லை.

படகு உங்கள் துறைக்கு வந்ததும் முதல் ஏழு இரவும் தண்ணீரிலேயே கட்டிவையுங்கள். விடிந்ததும் அடியில் தேங்கிய நீரை ஒரே டப்பாவால் இறைத்து எண்ணி, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மழை பெய்த இரவைத் தனியாகக் குறியுங்கள். முதல் நாள் இரண்டு டப்பா, ஏழாம் நாளும் இரண்டு டப்பா என்றால் தொழிலுக்குப் போகலாம். மூன்று, ஐந்து, எட்டு என்று ஏறினால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எட்டாம் நாள் காலையிலேயே தரகர் வீட்டுக்குப் போங்கள்.